பாசறையிலிருந்து பெட்டியடிக்கு: ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலில் காதலும் கடமையும்

தமிழ்ப் புனைகதையில் போர் நாவல் என்று கூறத்தக்கவை மிகச் சிலவே. வரலாற்று நாவல்களில் வாட்போர்கள் மலிந்து கிடப்பினும், இருபதாம் நூற்றாண்டுப் போரை அதில் பங்குபெற்ற எளிய மனிதர்களின் நிலையில் நின்று எழுதும் முயற்சி, ஈழப் போர் இலக்கியம் தோன்றுவதற்கு முன்னர், பெரும்பாலும் ப. சிங்காரம் (1920–1997) ஒருவரிடமே காணப்படுகிறது. சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் வேலை தேடி மெடான் சென்று, இரண்டாம் உலகப் போரைத் தென்கிழக்காசியாவில் நேரில் கண்டு, தாயகம் திரும்பி மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியாற்றிய அவர் எழுதியவை இரண்டு நாவல்களே. 'கடலுக்கு அப்பால்' கலைமகள் இதழின் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது.

இவ்விரண்டனுள் திறனாய்வாளர் கவனம் பெரிதும் பின்னதன் மேலேயே குவிந்துள்ளது. அதன் அங்கதமும் மொழிக் கலப்பும் நனவோட்ட உத்தியும் பலமுறை ஆராயப்பட்டுள்ளன. முன்னதோ பின்னதற்கு ஒரு பயிற்சி நூல் என்றும், போர்ப் பின்னணியில் அமைந்த ஒரு காதல் தோல்விக் கதை என்றும் இரண்டொரு வரிகளில் மதிப்பிடப்பட்டு விடுகிறது. தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே தொகுதியாக வெளியிட்டது பெரும் பணியே. ஆயினும், அத்தொகுதியைக் கையிலெடுக்கும் வாசகர் சிறிய நாவலைப் பெரிய நாவலின் பின்னிணைப்பாகவே படித்து மூடிவிடும் நிலையும் ஏற்பட்டது.

'போர்ப் பின்னணி' என்னும் சொல்லே இங்குப் பிழையான வழியைக் காட்டுகிறது. 'கடலுக்கு அப்பால்' நாவலில் போர் பின்னால் நிற்கவில்லை. காதல் முறிவதற்குக் காரணம் போர். அதனினும் நுணுக்கமாகச் சொல்வதாயின், போரில் ஆற்றிய கடமை. கடமையை ஆற்றியவன் அதன் பொருட்டே காதலை இழக்கிறான் என்பதே இந்நாவல் கூறும் செய்தி. அகப்பொருள் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இது எத்துணைக் கொடிய தலைகீழ் மாற்றம் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் மறுப்பும்

பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளை, அவர் மனைவி காமாட்சியம்மாள், மகள் மரகதம், கடையில் பணியாற்றிய செல்லையா ஆகிய நால்வரைச் சுற்றியே கதை நகர்கிறது. செல்லையா கடையில் நம்பிக்கைக்குரியவனாக வளர்ந்தவன். மரகதத்திற்கும் அவனுக்கும் இடையே அன்பு அரும்பியிருந்தது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். ஜப்பான் சரணடைந்ததும் படை கலைகிறது. கடைக்குத் திரும்பும் செல்லையாவுக்கு மகளைக் கொடுக்க முதலாளி மறுக்கிறார். நாகலிங்கம் என்பவனை மருமகனாக்கிக்கொள்ளத் தீர்மானிக்கிறார். காமாட்சியம்மாளின் மனம் செல்லையாவின் பக்கம் சாய்ந்திருந்தும் பயனில்லை.

மறுப்பின் காரணம் நோக்கத்தக்கது. செல்லையா ஒழுக்கம் கெட்டவன் அல்லன், திறமையற்றவனும் அல்லன். படையில் பழகியவனிடம் வட்டிக்கடைத் தொழிலுக்கு வேண்டிய பணிவும் பொறுமையும் இனி நிலைக்கா என்பதே பிள்ளையின் கணிப்பு. இக்கணிப்பை ஒரு கொடுமைக்காரத் தந்தையின் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. நாவலாசிரியரும் அவ்வாறு தள்ளவில்லை. ஒரு தலைமுறையின் உழைப்பைக் கண்காணாத நாட்டில் முதலாக்கி வைத்திருக்கும் மனிதர், அதை யார் கையில் ஒப்படைப்பது என்று எண்ணிப் பார்க்கிறார். அவரும் தம் கடமையையே செய்கிறார். இரு கடமைகள் மோதும்போது ஒன்று தீயதாகவும் மற்றொன்று நல்லதாகவும் இருந்துவிட்டால் கதை எளிதாகிவிடும். சிங்காரம் அந்த எளிமையை நாடாததே இந்நாவலின் முதல் தகுதி எனலாம்.

மலேயாவில் தமிழர் நடத்திய வட்டித் தொழிலின் அமைப்பை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். கடைக்கு அனுப்பப்படும் ஆட்கள் மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து செல்வர். தவணை முடிந்தால் ஊர் திரும்பி, மீண்டும் செல்வர். கைப்பெட்டியை முன்னால் வைத்துச் சம்மணமிட்டுக் கணக்கெழுதும் இடம் பெட்டியடி. வேலையும் அங்கே, உறக்கமும் பெரும்பாலும் அங்கேயே. பையனாகச் சேர்பவன் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகி, வாய்ப்பிருந்தால் தனிக்கடை வைப்பான். இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் குனிவினால் ஏறப்படுவது. படைப் பயிற்சியோ நிமிர்ந்து நிற்கக் கற்பிப்பது. நிமிர்ந்த உடல் மீண்டும் பெட்டிக்கு முன் குனியுமா என்னும் ஐயம் முதலாளிக்கு எழுவது இயல்பே. போருக்குப் பின் பிரித்தானியர் திரும்பியதும் ஜப்பானிய ஆட்சிக்கால நாணயம் செல்லாக் காசாயிற்று என்னும் வரலாற்றுச் செய்தியையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், நிலைகுலைந்த காலத்தில் கடைக்காரர் நாடுவது வீரனையன்று, கணக்குத் தவறாதவனையே என்பது விளங்கும்.

முல்லையின் முறிவு

வினைவயிற் பிரிதல் தமிழ் அகமரபின் பழைய துறை. வேந்தன் பொருட்டுப் போர்மேற் செல்லும் தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் பிரிகிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள், வினை முடித்த தலைவன் தேரை விரைந்து செலுத்துகிறான். முல்லைத் திணையின் இப்பொது அமைப்பில் காதலும் கடமையும் பகையல்ல. காலத்தால் முறைப்படுத்தப்பட்ட இரண்டு நன்மைகள். கடமை முந்துகிறது, காதல் பிந்துகிறது. ஆனால் பிந்தியது கிடைத்தே தீரும் என்னும் உறுதி அத்திணையின் அடித்தளம். முல்லைப்பாட்டில் ஆற்றியிருக்கும் அரசியின் செவியில் இறுதியில் விழுவது மீளும் படையின் ஒலி. நெடுநல்வாடையில் தலைவி துயருற்றிருக்க, வேந்தன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். அங்கும் அவன் கடமை காதலுக்குக் குறை செய்வதாகப் பாடப்படவில்லை.

வேந்தன் தொழிலால் நேரும் பிரிவு ஓராண்டின் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்று தொல்காப்பியம் கற்பியலில் வரையறை செய்கிறது. இவ்வரையறை நடைமுறையில் எந்த அளவுக்குப் பின்பற்றப்பட்டது என்பது வேறு வினா. போருக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்கு அப்பால் காதலின் உரிமை தொடங்குகிறது என்னும் எண்ணமே இங்குக் கருதத்தக்கது.

செல்லையாவும் ஒரு முல்லைத் தலைவனே. அவனும் பாசறையில் இருந்தான். அவனும் திரும்பி வந்தான். அவனுக்காகக் காத்திருந்தவளும் மனம் மாறவில்லை. முல்லைக்குரிய உறுப்புகள் யாவும் உள்ளன. ஆயினும் திணை நிறைவேறவில்லை. தலைவன் இறந்துபட்டிருந்தால் அது புறத்திணைக் கையறுநிலை ஆகியிருக்கும். தலைவி மனம் மாறியிருந்தால் தற்கால நாவல்களில் பெருகிய துரோகக் கதை ஆகியிருக்கும். இங்கோ இருவரும் உள்ளனர், அன்பும் உள்ளது. மீட்சியே பயனற்றுப் போகிறது.

இம்முறிவின் காரணத்தைக் 'கடன்' என்னும் சொல்லைக் கொண்டு விளக்கலாம். பழந்தமிழில் கடமையைக் குறிக்கும் சொல் அதுவே. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகியோருக்குரிய கடன்களை நிரல்படச் சொல்கிறது. அப்பாடலை எடுத்தாள்வோர் பெரும்பாலும் இளைஞனின் கடனையே வலியுறுத்துவர். வேந்தனுக்கும் அந்நிரலில் ஒரு கடன் உண்டு என்பதை அத்துணை வலியுறுத்துவதில்லை. போரிடுபவனுக்கு அரசு திருப்பிச் செலுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. அது செலுத்தப்படும்போதுதான் அந்த நிரல் முழுமை பெறுகிறது. செல்லையாவின் உலகில் அவ்வாறு செலுத்தக் கூடிய வேந்தன் இல்லை. 1943இல் சிங்கப்பூரில் படைத்தலைமை ஏற்ற சுபாஷ் சந்திர போஸ் 1945 ஆகஸ்டுக்குப் பின் இல்லை, ஆசாத் ஹிந்த் அரசு இல்லை, படையும் இல்லை. அவன் செலுத்திய கடன் எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை.

அதே சொல் வட்டிக்கடையில் வேறு பொருளில் வழங்குகிறது. அங்குக் கடன் என்பது கொடுத்துத் திரும்பப் பெறும் பணம். கொடுக்கும் ஒவ்வொரு காசும் எழுதப்படும், வட்டியோடு மீளும். நாட்டுக்குக் கொடுத்ததை எழுதி வைக்கப் பேரேடே இல்லாத ஒருவன், எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதி வைக்கும் மனிதரின் முன் வந்து நிற்பதே நாவலின் மைய நிகழ்ச்சி. ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு இடையிலேயே செல்லையாவின் வாழ்வு சிக்கிக்கொள்கிறது என்றால் அது மிகையாகாது.

பம்பாயில் முழக்கம், பினாங்கில் மறுப்பு

செல்லையாவின் நிலையைத் தனிமனிதத் துயரமாக மட்டும் கொள்ளாமல் வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும்போது அதன் கூர்மை மிகுகிறது. 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகியோர் மீது விசாரணை தொடங்கியது. நாடெங்கும் எழுச்சி மூண்டது. 1946 பிப்ரவரி 18ஆம் நாள் பம்பாயில் 'தல்வார்' கடற்படைத் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். உணவின் தரம், ஊதியம் பற்றிய முறையீடுகளோடு இந்திய தேசிய இராணுவத்தினரை விடுதலை செய்ய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாயிற்று. ஆலைத் தொழிலாளர் துணை நின்றனர். நகரத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் உயிரிழந்தனர். தமிழர் குடியேறி வாழ்ந்த மாதுங்காவும் தாராவியும் இதே நகரின் பகுதிகளே.

ஏறத்தாழ அதே காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு தமிழ்க் கடையில், அதே படையில் பணியாற்றியமை ஒருவனுக்குத் தகுதிக்குறைவாகக் கணக்கிடப்படுகிறது. பம்பாயில் அப்பெயருக்காக உயிர் கொடுத்தவர் உண்டு. பினாங்கில் அப்பெயரைத் தாங்கியவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை. இம்முரணைச் சிங்காரம் எங்கும் உரத்துப் பேசவில்லை. முழக்கத்தின் ஒலி எட்டாத ஒரு வீட்டினுள் கதையை நிறுத்துவதே அவர் கையாளும் முறை.

வீட்டினுள் நடந்தது நாட்டிலும் நடந்தது. விடுதலைக்குப் பின் இந்திய அரசு இப்படையினரைப் போற்றியது. ஆனால் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருமுறை கட்டுப்பாட்டை மீறியவர் வழக்கமான படைக்கு ஏற்றவர் அல்லர் என்னும் எண்ணம் அம்முடிவில் செயற்பட்டது. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் இவர்களுக்கும் முறையான உதவிக்கு வழி ஏற்பட்டது. 1959இல் நூலாக வந்த நாவல் வயிரமுத்துப் பிள்ளையின் வாயிலாகக் காட்டிய தர்க்கமும் புது நாட்டின் தர்க்கமும் ஒன்றே: உன் தியாகம் உயர்ந்தது, ஆனால் எங்கள் வேலைக்கு நீ ஒத்துவர மாட்டாய்.

ஹெமிங்வேயின் வழியும் சிங்காரத்தின் வழியும்

ஹெமிங்வேயைத் தாம் விரும்பிப் படித்ததைச் சிங்காரமே கூறியுள்ளார். அவ்வமெரிக்க எழுத்தாளரின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' (1929) காதலையும் கடமையையும் எதிரெதிரே நிறுத்திய போர் நாவல்களுள் தலைசிறந்தது. முதல் உலகப் போரில் இத்தாலியப் படையின் மருத்துவ ஊர்திப் பிரிவில் பணியாற்றும் ஹென்றி, 1917இல் கபொரெட்டோவிலிருந்து படை பின்வாங்கும்போது, அதிகாரிகளைச் சுட்டுக்கொல்லும் தம் தரப்பினரிடமிருந்தே தப்ப ஆற்றில் குதிக்கிறான். அத்துடன் கடமை முடிந்தது. காதலி கேத்தரினுடன் சுவிட்சர்லாந்து செல்கிறான். அங்கே பிரசவத்தில் குழந்தையும் அவளும் இறக்கின்றனர்.

இரு நாவல்களிலும் தலைவன் இறுதியில் தனியனாகிறான். இவ்வொற்றுமையைக் கொண்டு சிங்காரத்தின் நாவலை ஹெமிங்வேயின் நிழல் என்று கூறுவது எளிது; பொருத்தமோ சிறிதும் இல்லை. ஹென்றி கடமையைத் துறந்து காதலைக் கொள்கிறான். அதைப் பறிப்பது இயற்கை. செல்லையா கடமையை முடித்துவிட்டுக் காதலிடம் வருகிறான். அதைப் பறிப்பது சமூகம். ஹெமிங்வேயின் உலகில் போர் பொருளற்றது. ஆகவே அதை விட்டு நீங்குவது தனிமனித அறம் ஆகிறது. அடிமை நாட்டிலிருந்து சென்ற செல்லையாவுக்குப் போர் பொருளற்றதன்று. இரவல் நாட்டில், இரவல் படைக்கலத்துடன், தோல்வியுறும் தரப்பில் நின்றபோதும் அவன் முதன்முறையாக ஒரு மனிதனாக நிமிர்ந்தது அங்கேதான். அதை அவன் துறக்க இயலாது. துறக்க இயலாத அதுவே அவனுக்குத் தடையாகிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். படைக்கலம் பிடித்த வீரன், விரும்பிய பெண்ணை அழைத்துச் சென்றிருக்கலாமே. உடன்போக்கு என்னும் துறை தமிழ் மரபில் ஏற்கப்பட்டதுதானே. அதைச் செய்யாத செல்லையா கோழையல்லனா? நாவலைப் படிப்போர் பலருக்கும் இவ்வையம் தோன்றுவது இயல்பு. விடை செல்லையாவின் உப்புக் கடனில் உள்ளது. பெட்டியடியில் அவனை ஆளாக்கியவர் வயிரமுத்துப் பிள்ளை. படைக்கு ஆற்றிய கடமையை மதியாதவரிடமே அவன் தன் பழைய கடமையை ஆற்றுகிறான். பெட்டியடி அவனை இழந்துவிட்டது என்று முதலாளி எண்ணுகிறார். உண்மையில், செய்ந்நன்றி கொல்ல மறுக்கும் அந்த நொடியில் அவன் முழுமையான பெட்டியடி மனிதனாகவே இருக்கிறான். முதலாளியின் கணிப்பு தவறானது என்பதற்கு அவனுடைய பணிவைவிடச் சிறந்த சான்று இல்லை. அச்சான்று வெளிப்படுவதோ அவன் அவளை இழக்கும் செயலில். இந்த முரணை அமைத்த கலைத்திறன் 'பயிற்சி நூல்' என்னும் மதிப்பீட்டுக்குள் அடங்குவதன்று.

முந்நீரும் மரகதமும்

கடற்பயணத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு விதி கூறுகிறது. 'முந்நீர்' என்பதற்குக் கடல் என்றே பொருள்கொண்டு, கலத்திற் பிரிவு தலைமகளுடன் நிகழாது என்பர் இளம்பூரணர். நச்சினார்க்கினியரோ அச்சொல்லை ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைச் செலவாகப் பிரித்துக் காண்பார். எவ்வுரை கொண்டாலும், ஆடவர் கடல் கடக்கப் பெண்டிர் ஊரில் தங்கியமை இருபதாம் நூற்றாண்டின் வட்டிக்கடை வாழ்விலும் பெரும்பான்மை வழக்காகவே இருந்தது. அவ்வகையில் காமாட்சியம்மாளும் மரகதமும் பினாங்கில் வாழ்வது வழக்கத்திற்கு ஒரு விலக்கு. பாசறையிலும் பெண்ணொடு கூடி வாழ்தல் இல்லை என்பது கற்பியல் கூறும் மற்றொரு விதி.

இவ்விரு விதிகளையும் ஒருசேர மீறிய வரலாறு அதே காலத்தில், அதே மலேயாவில் நிகழ்ந்தது. 1943இல் மருத்துவர் லட்சுமியின் தலைமையில் உருவான ஜான்சி ராணிப் படையில் இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். கடல் கடந்த மண்ணில் பிறந்து, தாம் கண்டிராத நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள் அவர்கள். மரகதத்திற்கு அத்தகைய வழி திறக்கப்படவில்லை. கடல் கடந்தும் அவள் அகத்தினுள்ளேயே இருக்கிறாள். வட்டிக்கடை முதலாளியின் மகளுக்கும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் இடையிலுள்ள தொலைவு கடலினும் பெரிது என்பதை நாவல் அறிந்தே காட்டுகிறது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு.

ஆயினும் நாவலின் குறை ஒன்றை இங்குச் சுட்டாமல் இருத்தல் தகாது. செல்லையாவின் கடமைகள் விரிவாக எடையிடப்படுகின்றன. வயிரமுத்துப் பிள்ளையின் கடமையும் எடையிடப்படுகிறது. மரகதத்தின் கடமை மட்டும் எடையிடப்படாமலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தந்தை சொல்லுக்கு அவள் பணிவது இயற்கை நிகழ்ச்சிபோல் நடந்தேறுகிறது. பேசாத பெண்ணைப் படைத்ததில் குறையில்லை. அவள் பேசாமையின் உள்ளே நிகழ்வதைக் காட்டும் பொறுப்பு நாவலாசிரியருக்கு உண்டு. செல்லையாவின் உள்ளத்திற்கு வழங்கிய இடத்தில் ஒரு பகுதியை அவளுக்கும் வழங்கியிருக்கலாம். முல்லைத் திணை பெரும்பகுதி தலைவியின் குரலாலும் அவள் ஆற்றியிருத்தலின் நுட்பத்தாலும் ஆனது. அத்திணையை முறித்துக் காட்டிய நாவல், முறிவின் ஒலியை ஆண் நின்ற பக்கத்திலிருந்து மட்டுமே கேட்கிறது.

மாணிக்கத்தின் அறிவுரை

செல்லையாவின் நண்பன் மாணிக்கம் இரு நாவல்களிலும் வருபவன். பழந்தமிழ் நூல்களையும் உலக அனுபவத்தையும் ஒருங்கே பேச்சில் இழைப்பவன். காதலை இழந்த நண்பனுக்கு அவன் கூறும் ஆறுதலின் சாரம், உள்ளம் தோற்காதவரை இழப்பு இழப்பன்று என்பதாகும். இது பொதுவாகத் தத்துவ உரையாகவும், நாவலாசிரியரின் வாழ்க்கை நோக்காகவும் கொள்ளப்படுகிறது. அவ்வாறு பொதுமைப்படுத்தும்போது சொல்பவன் யார் என்பது மறைந்துவிடுகிறது. மாணிக்கமும் தேசிய இராணுவத்தில் இருந்தவன். தோற்ற படையின் வீரன் ஒருவன் தோற்ற படையின் மற்றொரு வீரனுக்குக் கூறும் சொல் அது. களத்தில் தோற்றவர்கள் தம்மை நிலைநிறுத்திக்கொள்ளக் கற்ற பாடத்தை மாணிக்கம் காதலுக்கும் பொருத்துகிறான். ஆகவே அது துறவியின் உரையாகாது. கலைந்த பாசறையில் எஞ்சிய ஒழுங்கின் குரலே அது.

'புயலிலே ஒரு தோணி' நாவலின் பாண்டியனை இவ்விடத்தில் நோக்கினால் இரு நாவல்களின் உறவும் தெளிவாகிறது. பாண்டியனுக்கு இழப்பதற்கென்று ஒரு மரகதம் இல்லை. பெண்கள் அவன் வாழ்வில் வந்து செல்கின்றனர், காத்திருப்போர் எவருமில்லை. மீளும் இடமாக அவனுக்கு இருப்பவை சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும். அவையும் நினைவில் மட்டுமே. ஒரு படை கலைந்ததும் இந்தோனேசிய விடுதலைப் போருக்குச் சென்று, அங்கேயே உயிர் துறக்கிறான். செல்லையா திரும்பி வந்தான், அவனுக்கு இடமில்லை. பாண்டியன் திரும்பவே இல்லை. முதல் நாவல் எழுப்பிய வினாவுக்கு இரண்டாம் நாவல் எழுதிய கடுமையான விடையாகவே பாண்டியனின் சாவு அமைகிறது. இரண்டாவதை மட்டும் படிப்போர் அவனை ஊழால் அலைக்கழிக்கப்பட்ட வீரனாகக் காண்பர். முதலாவதையும் படித்தோர்க்கு, திரும்பியிருந்தால் அவனுக்கு என்ன காத்திருந்திருக்கும் என்பதும் தெரியும்.

போரில்லாக் காலத்திலும் இவ்வகை மீளாமை தமிழ் நாவலில் தொடர்ந்து எழுதப்பட்டுள்ளது. பம்பாயில் பணியாற்றிய நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986), 'சதுரங்கக் குதிரை' (1993) ஆகியவற்றை இவ்வரிசையில் வைத்துப் படிக்கலாம். 'சதுரங்கக் குதிரை'யின் நாராயணன் எந்தப் படையிலும் சேர்ந்தவன் அல்லன். பிழைக்கப் பம்பாய் வந்தவன். ஆண்டுகள் கடந்தும் மணமாகாமலேயே நிற்கிறான். அவன் வாழ்வில் எந்த வயிரமுத்துப் பிள்ளையும் வெளிப்படையாக மறுக்கவில்லை. ஊருக்கும் நகரத்திற்கும் இடையே காலம் நழுவிவிடுகிறது, அவ்வளவே. பொருள்வயிற் பிரிவு பாலைக்கு உரியது. தலைவன் பொருளோடு மீள்வான் என்பது அதன் எதிர்பார்ப்பு. தாராவியிலும் செம்பூரிலும் ஓரறையைப் பலராகப் பகிர்ந்துகொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பி, தங்கையரின் திருமணத்தை முடித்து, தம் திருமணத்தைத் தள்ளிப்போட்ட ஒரு தலைமுறை ஆடவருக்கு இந்தக் கணக்கைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பட்டினப்பாலைத் தலைவன் பெரும் பட்டினமே கிடைப்பதாயினும் பிரியேன் என்று செலவு தவிர்கிறான். தவிர்க்கும் உரிமை உடையவனின் பேச்சு அது. செல்லையாவுக்கும் நாராயணனுக்கும் அவ்வுரிமை இருந்ததில்லை.

'கடலுக்கு அப்பால்' என்னும் தலைப்பு எந்தக் கரையில் நின்று சொல்லப்படுகிறது என்பது இதுவரை போதிய அளவு கேட்கப்படவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அப்பால் என்பது பினாங்கு. பினாங்கில் நிற்கும் செல்லையாவுக்கோ அப்பால் என்பது தமிழகம். எந்த நாட்டுக்காக அவன் படைக்கலம் ஏந்தினானோ அந்த நாடு அவனுக்குக் கடலுக்கு அப்பால்தான் இருந்தது. எந்த வீட்டிற்காகத் திரும்பினானோ அந்த வீடு அதே தெருவில், கூப்பிடு தொலைவில் இருந்தது. இரண்டுள் தொலைவானது எது என்னும் வினாவைத் தலைப்பிலேயே வைத்துவிட்டு நாவல் நகர்கிறது.